மண்டையில் விழுந்த விலை

"விலையைப் பாதியாக் குறைச்சாத்தான் நம்ம லேப்டாப் கம்பெனி வளரும், மாமா!" மாப்பிள்ளை மேஜையில் குத்தினார்.

"ஏத்தினாத்தான் வளரும், மாப்ள. சரக்கு அவ்ளோ உறுதி!" என்றார் மாமனார்.

இருவருமே அவரவர் வீட்டை விற்றுக் கம்பெனியில் பணம் போட்டவர்கள்.

"இந்தத் தகர டப்பாவுக்கா?"

"எதுடா டப்பா?" மாமனார் விட்ட அறையில் மாப்பிள்ளையின் பல் தெறித்தது. வெறி தலைக்கேறிய மாப்பிள்ளை, கையில் சிக்கியதைத் தூக்கி அவர் மண்டையில் ஓங்கி ஓங்கிப் போட்டார். சுவரெல்லாம் ரத்தம். மாமனார் சரிந்தார்.

"ஐயோ மாமா! ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்!"

"அது கெடக்கு... மொதல்ல கையில இருக்கறதை ஆன் பண்ணு."

மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். ரத்தம் வழிந்த திரை பளிச்சென்று ஒளிர்ந்தது.

"விலையை ஏத்திடலாம், மாமா" என்றார், பல் போன வாயால்.