கைக்கு அடியில்

அமுதவள்ளியின் உள்ளங்கை காரின் கதவில் அப்படியே நிற்கிறது. பட்டறையின் தகரக் கூரை பங்குனி வெயிலில் படக் படக்கென்று முறுகுகிறது. மங்கலம்பேட்டை அமீனுதீன் பாயின் மோரிஸ் மைனர் அது. எழுபது வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் அடித்த பச்சை இன்னும் உரியாமல் இருக்கிறது. புதுப் பெயின்ட் படக் கூடாது, அழுக்கு மட்டும் போக வேண்டும், ஒரு கீறல் விழுந்தாலும் ஒரிஜினல் போச்சு என்று சொல்லித்தான் வண்டியை விட்டிருக்கிறார். பீங்கான் சூளைக்குப் போகும் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, அந்தக் குழைவால்தான் எப்போதும் தேய்ப்பாள். இன்று அவர் பக்கத்திலேயே நின்றதில் அவசரப்பட்டு, ஒரு தடவை வடிகட்டியதோடு விட்டுவிட்டாள். இப்போது கைக்கு அடியில் கிர்ரென்று ஒரு சத்தம். ஒரே ஒரு மணல் துகள். அது பாயின் காதில் விழுந்ததா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. ஜங்ஷனில் ரயில் ஊதி ஓய்கிறது. களிமண் விரல்களைச் சுற்றி வெளுத்து, காய்ந்து, வெடிக்கிறது. பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கதவருகே குனிகிறார். "கைய எடும்மா, எப்பிடி வந்திருக்குதுன்னு பாப்போம்."

"இன்னும் கொஞ்சம் ஊறட்டும் பாய்" என்கிறாள்.