இதய நோயாளியின் மனைவி

"ஷூவை மாட்டுங்க. இதயம் பலவீனமா இருக்குன்னு சொன்னது மறந்துபோச்சா?"

"இன்னிக்கு ஒருநாள் விட்டுடு தாயே!"

மனைவி விடவில்லை. பூங்கா முழுவதும் அவரை விரட்டிக்கொண்டே தானும் நடந்தாள். சமையலிலும் எண்ணெய், உப்பு பேருக்குத்தான். இருவருக்கும் ஒரே சாப்பாடு.

சில மாதங்கள் கழித்து, மருத்துவரான மகள் அப்பாவிடம் தனியே சொன்னாள்.

"அம்மாவோட ஸ்கேன் வந்துடுச்சுப்பா. இதயத் தசை நல்லாவே தேறியிருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு இப்பவாவது சொல்லிடலாமா?"

"வாயைத் திறக்காதே! அவளுக்குத்தான் இதயம் பலவீனம்னு நீ சொன்னப்ப, 'எனக்கென்ன கேடு'ன்னு சிரிச்சா. எனக்குன்னு சொன்னதும்தான் நடக்கவே ஆரம்பிச்சா."

வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "நடக்க நேரமாச்சு, அங்க என்ன அரட்டை?"

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்தார்.