பாவாடைப் பட்டியில் மஞ்சள்

மாமனார் கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்தார்.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். கையில் வடைமாவு காய்ந்துகொண்டிருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் பலகை. பலகையில் தீபாவளித் துணிகள். ஒவ்வொன்றும் தன் கடைப் பையின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பை இல்லாமல் துணி வைக்கக் கூடாது. விலைச்சீட்டைப் பிய்க்கக் கூடாது. மாமனார் போட்ட சட்டம்.

கூட்டுறவுத் துறையில் துணைப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மற்ற வீடுகளில் பெண்கள் மோதிர விரலால் தொட்டு வைப்பார்கள். இங்கே அவரேதான் வைப்பார். கட்டைவிரலை அழுத்தி, பத்திரத்தில் வைப்பதுபோல.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க அடுத்தவன் கழட்டிப் போட்டதைத் தொட்டது கிடையாது" என்றார். யாரும் கேட்கவில்லை.

மகன்கள் இருவரும் தலையாட்டினார்கள். பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பலகையின் கடைசியில் அவள் மகளின் நீலக் கவுன்.

பை ஒரு கடையுடையது. சீட்டு இன்னொரு கடையுடையது. அவளே ஊசிநூலால் கோத்தது. கவுன் யாருடையது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு வாட்ஸப் குழு. பிள்ளைகளின் பழைய துணி. விற்பவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் யாரென்று விற்பவருக்கும் தெரியாது. நடுவில் ஒரு பெண்மணி எல்லார் மானத்தையும் மடித்து கொரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கையில் காசு இல்லாமல் இல்லை.

போன தீபாவளிக்கு எடுத்த புதுப் பாவாடை மகளின் இடுப்பைச் சுற்றிச் சிவக்க வைத்துவிட்டது. புதுசென்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமனார். துவைத்துத் துவைத்து அது மெத்தென்று ஆனபோது பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போக வேண்டிய சாயம் போய், சுருங்க வேண்டியது சுருங்கி, உறுத்தல் எல்லாவற்றையும் வேறொரு பிள்ளையிடம் காட்டி முடித்துவிட்டு வருகிற துணிதான் நல்ல துணி.

பாவாடையை அந்தக் குழுவிலேயே விற்றாள். கவுனை அங்கேயே வாங்கினாள்.

தெரிந்தால் மாமனார் கத்த மாட்டார். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் மெல்லிய குரலில் சொல்வார். அவள் பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து.

அடுத்த துணியை எடுத்தார். ஓரகத்தியின் சின்ன மகளுக்கு வந்தது. ஜரிகைக் கரை போட்ட பச்சைப் பாவாடை.

அவள் ஓரடி முன்னால் வந்து பார்த்தாள்.

கொக்கி கருப்பு நூலில் தைத்திருந்தது. பச்சை நூல் கிடைக்காமல் அவள் தைத்தது.

போன வருடம் இதே பலகையில் இதே பாவாடை. ஓரகத்தி அந்தத் தீபாவளிக்குத் தாய்வீடு போயிருந்தாள். வீட்டு ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

பார்த்தது பையை.

மகள் பார்த்தால் என் பாவாடை என்பாள், முதலில் அவளை எழுப்பிச் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமனார் சீட்டை வாசித்தார். புருவம் மரியாதையாக உயர்ந்தது. துணியை விரலிடையில் தேய்த்தார்.

"எவ்ளோ மெத்துனு இருக்கு பாருடா! இதுக்குத்தான் நல்ல கடையா பாத்துப் போகணுங்கிறது."

இடுப்புப் பட்டியைத் திருப்பினார்.

விரல் அந்தரத்தில் நின்றது.

வெள்ளை உள்துணியில் வெளிறிய மஞ்சள் வட்டம்.

"இதுக்கு யாரு மஞ்சள் வச்சது?"

அவர் வைத்ததுதான். அவ்வளவு அகலமான கட்டைவிரல் அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

உள்ளே அடுப்படியில் ஓரகத்தி மாவுச் சட்டிக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் கிடைக்காத பிராண்டே கிடையாது என்று வந்து இறங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

சும்மா இருந்தாலே போதும்.

எத்தனை வருடப் பேச்சு. எத்தனை பிராண்டு. சும்மா இருந்தாலே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்துவிடும்.

நீலக் கவுன் இரண்டு பை தள்ளி இருந்தது.

"நான்தான் மாமா" என்றாள் அவள். "நேத்து அக்கா பையைப் பிரிச்சதுமே வச்சுட்டேன். நல்ல நாளாச்சேன்னு."

"எனக்கு முன்னாடியா?"

"தப்புதான் மாமா."

தப்பை ஒப்புக்கொள்பவர்களை அவருக்குப் பிடிக்கும். "இனிமே ஒரு வார்த்தை கேட்டுட்டு வை" என்றார். பழைய வட்டத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்தினார்.

அச்சு அசலாகப் பொருந்தியது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. பெரியவனின் சட்டை. சின்னவனின் சட்டை. இரண்டுக்கும் வைத்தார்.

நீலக் கவுனை எடுத்தார்.

சாயம் பார்த்து வாங்கியிருந்தாள். தையல் பார்த்திருந்தாள். கழுத்துப் பட்டியின் உட்புறத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. விற்றவளும் ஏதோ ஒரு வீட்டு மருமகள்தானே.

அவர் கழுத்தைத் திருப்பப் போனார்.

"சின்னவ அதுலயும் வச்சிருப்பா மாமா. அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

ஓரகத்தியின் குரல். எப்போதும்போல் குத்தலாகத்தான் இருந்தது.

மாமனார் சலித்துக்கொண்டே திருப்பினார். பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு விரலை அழுத்தினார்.

அவள் சமையலறைக்குள் வந்தாள்.

ஓரகத்தி ஏறிட்டுப் பார்க்கவில்லை. வடையைத் தட்டி நடுவில் துளை போட்டு எண்ணெயில் விட்டாள். திருப்பிப் போட்டாள். எடுத்து வடியவிட்டாள்.

இன்னும் சாமிக்குப் படைக்கவில்லை.

இருந்தும் முதல் வடையைப் பிட்டு, பாதியை அவள் பக்கம் நீட்டினாள்.