கழிவறைச் சாவி

மூன்று மாதக் கர்ப்பத்தையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் சுமந்துகொண்டு, ஸ்கேன் அறை வாசலில் முழங்கால்களை நெருக்கியபடி உட்கார்ந்திருந்தாள் அவள். ஒரு தும்மல் வந்தால் போதும், மானம் போய்விடும். முன்னால் இன்னும் நான்கு பேர்.

"ஆயாம்மா, கழிவறையைக் கொஞ்சம் திறங்க. பாதி மட்டும் போயிட்டு வந்துடறேன்."

"இப்படிச் சொல்லிட்டு எல்லாரும் மொத்தமா போயிட்டு வந்துடறாங்களாம். மூத்திரப்பை நிரம்பலேன்னா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது. அதான் பூட்டச் சொல்லி டாக்டரம்மா ஆர்டர்."

முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த ஆயா இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உள்ளே இருக்கிற டாக்டரைக் கேட்டுப் பாருங்களேன்."

"அவங்க பதிலுக்கு வந்தவங்க. ஆர்டர் போட்டவங்க ஒரு வாரமா லீவு. அவங்களே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாதாம்."

பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பூட்டைப் போடச் சொன்ன மகராசி ஒரு புள்ளையாவது பெத்திருப்பாளா?"

பெஞ்சே தலையாட்டியது.

'ஸ்கேன் டாக்டர்' என்று எழுதிய தன் அடையாள அட்டையைக் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள் அவள்.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. "இதுதான் அவளுக்கு முதல்."