பெயர் வைக்காத வைரஸ்

கம்ப்யூட்டர் வைரஸ் புகுந்ததும், வீட்டில் தாமோதரனுக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவி நின்றுபோனது. மனைவி செண்பகவல்லி காற்றுப் பையைக் கையால் அழுத்தியபடியே ஆன்டிவைரஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அதை நீக்க எங்களால முடியும் மேடம். ஆனா எல்லா கம்பெனியும் ஒரே பேரை ஒத்துக்கிட்ட பிறகுதான் நீக்கணும்னு சட்டம். பெயர்க் குழு பேசிட்டிருக்கு."

"பேர்ல என்ன தகராறு?"

"நடுவுல புள்ளி வைக்கிறதா, கோடு போடுறதான்னு."

பக்கத்து வீட்டு ரெஜினா ஓடி வந்தாள். இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். குழு மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்து, மறுபடி கூடி, மாலையில் ஒருவழியாகப் பெயர் வைத்தது. கருவி ஓடத் தொடங்கியது. தாமோதரன் பிழைத்துக்கொண்டார்.

குழுவின் அறிக்கையை ரெஜினா படித்துக் காட்டினாள்: "பெயர் சூட்டும் முறை மகத்தான வெற்றி. தாமதத்தால் எவருக்கும் பாதிப்பில்லை."

செண்பகவல்லியால் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.