முதுகில் ஐந்து விரல்கள்

மத்தியான மணி அடித்ததும் ஞானமுத்து வாத்தியார் வீட்டுக்குச் சாப்பிட வருவார். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத காலம் அது. ஒருநாள் வந்ததும், அடுப்படியில் தனியாக நின்ற மனைவி ரூபாவதியின் முதுகை மெல்லத் தொட்டுவிட்டுப் போனார். கருநீலச் சேலையில் ஐந்து சாக்பீஸ் விரல்கள் பதிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கிணற்றடியில் நாத்தனார்தான் பார்த்தாள். “என்ன மதினி, பள்ளிக்கூடத்துல போர்டு இல்லாமலா அண்ணன் ஒங்க முதுகுல எழுதுதான்?” தண்ணீர் இறைத்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். விஷயம் அவர் காதுக்கும் போயிற்று. அதன்பின் பள்ளிக்கூடத்திலேயே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வந்தார். அப்போதும் தொட்டார். சாயங்காலம் அவள் சேலையை விரித்துத் தேடிப் பார்ப்பாள். யாருமே வந்துபோகாதது போலிருக்கும். ஒரு மத்தியானம் சோறு போட்டபடி, நிமிராமல் சொன்னாள்: “பள்ளிக்கூடத்துத் தண்ணி உப்பு. கை வெடிச்சிரும். சாப்பிட உக்காரும்போது இங்க கழுவினாப் போதும்.”