ப்ரீஆம்ப் பரீட்சை

"சிக்னலைத் தூக்கிக் கொடுக்கறதே ப்ரீஆம்ப்தான். அது இல்லாத பாட்டு உப்பில்லாத பண்டம்," என்ற மாமா, ஸ்டீரியோவில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார். "அதைக் கழட்டு."

"கழட்டிட்டேன்," என்றாள், அலமாரிக்குப் பின்னால் ஒயர் மாற்ற உட்கார்ந்திருந்த அக்கா.

பாட்டு ஓடியது.

"தகர டப்பா. மறுபடி மாட்டு."

"மாட்டிட்டேன்."

"ம், இது குரல். வித்தியாசம் தெரியுதாடா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாமா," என்றான் மச்சினன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? காதை டாக்டர்கிட்ட காட்டு."

முகம் சுண்டிப்போய், ஒயரையாவது பார்ப்போமென்று அவன் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அக்கா ஒயரைத் தொடவே இல்லை. மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் இப்படித்தான்," என்று கிசுகிசுத்தவள், சத்தமாகச் சொன்னாள்: "மறுபடி கழட்டிட்டேங்க."

"சகிக்கல," என்றார் மாமா.